புராசஸ்ல இருக்கு

உங்கள் வாஷ்பேசினில் சோப்பு இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இத்தனை பேர் வந்து போகிற போலீஸ் அலுவலகத்தில் சோப்பு வைத்தால் அதையும் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் பையில் சின்ன சானிடைசர் பாட்டில் ஒன்று இருந்தது, அதை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்தால் பேச வசதியாக இருக்கும். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் உதவியாளர் நேற்று என் தொழிலை 'ஆள் புரோக்கர்' என்று எழுதிக்கொண்டார். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. வெற்றிலைக் கறையோடு பல்லிளிக்கிற ஒருவன் நினைவுக்கு வருகிறான். நான் நடத்தியது கணினித் துறைக்கு ஆள் தரும் ஏஜென்சி. ஒரு கம்பெனிக்கு வேலை தெரிந்த ஆள் வேண்டும், ஆனால் நிரந்தரமாக வேண்டாம். வேலை முடிந்ததும் கை கழுவிவிட வேண்டும். அதற்கு எங்களிடம் வருவார்கள். நாங்கள் அனுப்புகிற ஆள் அவர்கள் கட்டடத்தில், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் வேலையைச் செய்வார். சம்பளத்தை மட்டும் எங்களிடம் வாங்குவார். கம்பெனி எங்களுக்கு ஒரு தொகை தரும். அதில் எங்கள் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்குத் தருவோம். நாங்கள் எவ்வளவு எடுத்தோம் என்று அவருக்குத் தெரியாது. எவ்வளவு கொடுத்தோம் என்று கம்பெனிக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிடுவோம். அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக டீ குடிப்பார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள், இதை மட்டும் பேச மாட்டார்கள். இரண்டு தொகையும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இது ஊர் உலகத்தில் எல்லா ஏஜென்சியும் செய்வதுதான். நானாகக் கண்டுபிடித்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு. உங்களுக்கு அது தெரிந்திருப்பது நல்லது, இந்த வழக்கே அதில்தான் நிற்கிறது. 'புராசஸ்ல இருக்கு.' வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்பார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சில நேரம் அவருடைய ரெஸ்யூமை நாங்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். ஆனாலும் 'புராசஸ்ல இருக்கு சார்' என்றுதான் சொல்வோம். இல்லை என்று சொன்னால் ஆள் கோபப்படுவார், காரணம் கேட்பார், வேறு ஏஜென்சிக்குப் போய்விடுவார். இப்படிச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவார். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு முதல் நாள் நான் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான். யாருக்கும் இல்லை என்று சொல்லாதீர்கள், இல்லை என்பது வாயிலிருந்து போனால் ஆளும் போய்விடுவான் என்பேன்.

கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். இதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள உதவும். பணத்தைப் பற்றிக் கேட்க வருகிறவனுக்கு முதலில் உதடு காய்ந்துபோகும். நாக்கால் தடவிக்கொள்வான். நாற்காலியின் நுனியில் உட்காருவான். மேஜையில் கையை வைத்தால் ஈரமாக ஒரு தடம் விழும். அவன் போன பிறகு அந்தத் தடத்தை டிஷ்யூ வைத்துத் துடைத்துக் குப்பைக்கூடையில் போடுவேன். அதன் பிறகுதான் எனக்கு மூச்சே சரியாக வரும்.

என் தங்கை வீட்டுக்காரர் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் டேட்டாபேஸ் வேலை செய்கிறவர். இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குக் கிட்ட வீட்டில் உட்கார்ந்திருந்தார். தங்கையை நான் குட்டி என்றுதான் கூப்பிடுவேன், அவளுக்கு மகள் பிறந்து வளர்ந்த பிறகும். அந்தக் குட்டி என் முன்னால் கண்ணைக் கசக்கினாள். நான் அவரைப் பெரிய கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்த்துவிட்டேன். முதல் சம்பளம் வந்த அன்று இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கை ஈரமாக இருந்தது. ஆனாலும் நான் உருவிக்கொள்ளவில்லை.

வெளியாளிடம் நான் பாதிக்கு மேல் எடுத்ததில்லை. மாப்பிள்ளையிடம் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளியாளுக்குக் குறைத்துக் கொடுத்தால் என்றைக்காவது மோப்பம் பிடித்து வேறு இடம் போய்விடுவான். அவனைத் தக்கவைக்கக் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை எங்கே போவார்? தக்கவைக்க வேண்டாத ஆளுக்கு எதற்குத் தக்கவைக்கிற விலை? தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அதற்காக அவர்களைக் கைவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுகிற மாதம் அவர்களுக்குக் கையைக் கடிக்கும். நான் கொடுப்பேன். வாடகை வீட்டுக்கு முன்பணம் ஏற்றினார்கள், அதையும் கொடுத்தேன். வட்டி வாங்கியதில்லை. ஏஜென்சி நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன், இல்லாவிட்டால் கொடுக்கிறதன் அருமை தெரியாது. குட்டி அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். 'எங்க அண்ணன் மட்டும் இல்லைன்னா நாங்க தெருவுலதான் நிக்கணும்' என்பாள். அவள் அதை என் முன்னாலேயே சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சம் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ எச்சில் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தது மாதிரி இருக்கும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது அந்தக் கம்பெனி மேனேஜர்.

வாராவாரம் நடக்கிற மீட்டிங்கில் அவர் தன் கம்ப்யூட்டர் திரையை எல்லாருக்கும் காட்டி வேலை எவ்வளவு முடிந்தது என்று பேசுவார். ஒருநாள் அவசரத்தில் ஒரு கோப்புக்குப் பதிலாக இன்னொன்றைத் திறந்துவிட்டார். எந்த ஏஜென்சிக்கு, எந்த ஆளுக்கு, எவ்வளவு தருகிறோம் என்கிற கோப்பு. திறந்த வேகத்தில் மூடிவிட்டார். மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு வாழ்க்கையே அட்டவணைகளைப் பார்ப்பதுதான். தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் குட்டியையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அப்போதுதான் புது இடத்துக்கு மாறியிருந்தோம். என் அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி. இங்கே ஒளிவுமறைவு கிடையாது என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நானே கேட்டுப் போட்டது அது. குட்டி கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அவள் விரல் பட்ட இடத்தை எல்லாம் நான் கவனித்துக்கொண்டேன். மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். என்ன வரப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சின்ன டவுட்டு. அன்னைக்கு மீட்டிங்ல ஒரு நம்பரைப் பார்த்தேன். அது நம்ம ரேட்டா இருக்காது, வேற ஏதோதான் இருக்கும். இருந்தாலும் மனசு கேக்கலை" என்று மென்று முழுங்கினார்.

"என்னங்க நீங்க, அண்ணன்கிட்ட போய்க் கணக்குக் கேட்டுக்கிட்டு" என்று குட்டி அவர் தொடையில் தட்டினாள். ஆனால் அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பதறவில்லை. வரி எவ்வளவு போகிறது, அலுவலக வாடகை எவ்வளவு, கம்பெனி பணம் தர மூன்று மாதம் இழுத்தடித்தாலும் நான் மாதாமாதம் சம்பளம் போடுவதற்கு வாங்குகிற கடனுக்கு வட்டி எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னேன். மாப்பிள்ளை தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆனாலும் அவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் சொன்னதை எல்லாம் சேர்த்தாலும் அந்த எண் வரவில்லை. இன்னும் ஒன்று தேவைப்பட்டது. பெரியதாக, கண்ணுக்குத் தெரியாததாக.

"அப்புறம் உங்க குடும்பத்துக்கே மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டுறேனே மாப்பிள்ளை, அதை யாரு கணக்குல சேர்க்கிறது? அதான் பெரிய தொகை. சொல்லிக் காட்ட வேண்டாம்னு இருந்தேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, மன்னிச்சிடுங்க மச்சான்" என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

குட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. பிறகு, "அண்ணா, அந்த இன்சூரன்ஸ்ல நானும் இருக்கேனா?" என்று கேட்டாள்.

"நீ இல்லாமலா?" என்றேன்.

அவள் கை இடது அக்குளுக்குக் கீழே போய்த் தயங்கி நின்றது. நான் அதைப் பார்த்தேன். மாப்பிள்ளை பார்க்கவில்லை.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. செலவுக்குப் பயந்து மாதக்கணக்காக யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நான் சொன்ன மறுநாளே வீட்டுக்காரரிடம் சொன்னாள், டாக்டரிடம் போனாள். இதை ஒரு விதத்தில் என் நல்ல காரியங்களில்தான் சேர்க்க வேண்டும். நான் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அவள் டாக்டரிடமே போயிருக்க மாட்டாள்.

பாலிசி எதுவும் கிடையாது. உங்களுக்கு அது தெரியும். அந்த மாதத்திலிருந்துதான், இனிமேல் பிரீமியத்தில் பாதி உங்கள் பங்கு என்று சொல்லி, சம்பளச் சீட்டில் 'மருத்துவக் காப்பீடு' என்று ஒரு பிடித்தம் சேர்த்தேன். பணம் பிடிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். பிடித்தால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒருவருக்கு மட்டும் பிடிப்பது சரியில்லை என்று என்னிடம் இருந்த எல்லா ஆட்களுக்கும் பிடித்தேன்.

நான் முயற்சி எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் வராது என்றார். வராத ஒன்றுக்கு எதற்குக் கட்டுவது என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொன்னார். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பயமில்லை என்றாராம். மாப்பிள்ளை என்னிடம் ஓடி வந்தார். நீங்கள் கேட்ட கேள்வியை நானும் அப்போது என்னையே கேட்டுக்கொண்டேன், ஏன் கையிலிருந்து கொடுத்துவிடக் கூடாது என்று. இரண்டு சங்கடங்கள் இருந்தன. நஷ்டத்தில் ஓடுகிறவனுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். இன்சூரன்ஸ் இருக்கும்போது அண்ணன் ஏன் கொடுக்கிறான் என்றும் வரும். ஒரு கேள்வி வந்தால் நூலைப் பிடித்த மாதிரி மற்றதெல்லாம் வரும். என் ஆட்கள் எல்லாரும் வரிசையாக வந்து நாற்காலி நுனியில் உட்காருவார்கள். மேஜை முழுக்க ஈரத் தடம்தான்.

"இன்சூரன்ஸ்காரங்க அனுமதி கொடுக்கணும் மாப்பிள்ளை. அப்ளை பண்ணியாச்சு. புராசஸ்ல இருக்கு" என்றேன்.

"கடனை உடனை வாங்கியாவது முதல்ல பண்ணிடலாமே மச்சான். அப்புறமா கிளைம் வாங்கிக்கலாம்ல?"

"அனுமதிக்கு முன்னாடி கை வெச்சா கிளைமே போயிடும். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

அவர் கெடுக்கவில்லை.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைம் அதிகாரியிடமிருந்து அவருக்கு மெயில் வந்தது. நல்ல தமிழில், மரியாதையாக எழுதப்பட்ட மெயில். நோயாளி விரைவில் குணமடைய வாழ்த்து சொல்லிவிட்டு, ஸ்கேன் அறிக்கையின் தெளிவான பிரதி ஒன்று கேட்டிருந்தது. அனுப்பினார். பத்து நாள் கழித்து முதல் டாக்டரின் கடிதத்தில் முத்திரை சரியாகத் தெரியவில்லை என்று வந்தது. அதையும் அனுப்பினார். பிறகு நோயாளியின் ரத்த உறவுகளில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று ஒரு படிவம். அதில் உடன்பிறந்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி ஒரு பெண். குட்டி அவரை 'மேடம்' என்றே சொல்வாள். 'பாவம் அந்த மேடம், எவ்வளவு பொறுமையா எழுதுறாங்க, நம்ம கேஸை விடாம புடிச்சுக்கிட்டு இருக்காங்க' என்பாள். மேடத்திடமிருந்து மெயில் வந்த அன்று வீட்டில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். குட்டி எழுந்து தலை வாரிக்கொள்வாள். ஆம்பளை எழுதினால் ஆட்களுக்குக் கோபம் வரும், பெண் எழுதினால் வராது. இருபது வருஷ அனுபவத்தில் கற்றது.

மேடம் நான்தான். இதையும் நீங்கள் கண்டுபிடித்துவிட்டதால் சுற்றி வளைக்கவில்லை. காலையில் காபி குடித்ததும் முதல் வேலையாக அதை எழுதுவேன். அலட்சியமாக எழுதியதில்லை. வாழ்த்தை ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி எழுதுவேன், ஒரே மாதிரி இருந்தால் இயந்திரம் எழுதியது போல ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது அவள் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. வாய் மட்டும் குறையவில்லை. ஒருமுறை எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "நான் எங்க இருக்கேன் அண்ணா, புராசஸ்ல இருக்கேன்" என்று சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார், நானும் சிரித்தேன். அவள் மகள் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அந்த அறையில் ஒரு வாடை வந்தது. எப்படிச் சொல்வது? தண்ணீர் மாற்றாமல் விட்ட பூச்சாடியைக் கவிழ்த்தது போல, அதற்கும் மேலே. ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள், அது இன்னும் மோசமாக்கியது. நான் ஜன்னல் ஓரமாக நின்றுகொள்வேன். அவள் தண்ணீர் கொடுக்கச் சொன்னால் டம்ளரை மேல் விளிம்பில் பிடித்துக் கொடுப்பேன். கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று பாட்டிலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொள்வேன், இரண்டு முறை. அதற்குப் பிறகும் வீடு வரும்வரை கையை ஸ்டியரிங்கில் முழுதாக வைக்க மாட்டேன். என்னை இரக்கமில்லாதவன் என்று நினைக்கலாம். அருவருப்பு என்பது நாம் நினைத்து வருவதில்லை. உடம்பு தானாகச் செய்வது அது.

ஒருநாள் மேடத்துக்கு ஒரு மெயில் வந்தது. மாப்பிள்ளையிடமிருந்து வரவில்லை, குட்டி தன் போனில் தானே எழுதியிருந்தாள். நீங்கள் அதை அச்செடுத்து வைத்திருக்கிறீர்கள், நான் பார்க்காமலே சொல்கிறேன்.

'மேடம், நான்தான் அந்தக் கிளைம்காரி. என் வீட்டுக்காரருக்குத் தெரியாம எழுதுறேன். எங்க அண்ணனுக்கும் சொல்லிடாதீங்க. அவன் எங்களுக்காக ஏற்கெனவே நிறையப் பட்டுட்டான், இது தெரிஞ்சா தாங்க மாட்டான். கட்டி உடைஞ்சிருச்சு மேடம். வாடை வருது. பொண்ணு பக்கத்துல படுக்க மாட்டேங்குறா, பரீட்சைன்னு சொல்றா. அண்ணன் ஜன்னல்கிட்டயே நிக்கிறான், அவனைக் குத்தம் சொல்லலை, அவன் சின்ன வயசுலேருந்தே சுத்தம் பார்ப்பான். உங்களை அவசரப்படுத்தலை. முடியும்னா முடியும்னு சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. நாங்க வேற வழி பார்த்துக்குறோம். எங்க வீட்டுக்காரர் வண்டியையாவது வித்துடுவார். தெரியாமக் காத்துக்கிட்டு இருக்கிறதுதான் முடியலை.'

அந்த ஜன்னல் வரி எனக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி நல்ல கடிதம். குட்டிக்கு இப்படி எழுத வரும் என்று எனக்குத் தெரியாது.

அன்று முழுக்க நான் வேறு வேலை பார்க்கவில்லை. இதை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முடியாது என்று எழுதிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். எழுதினால் மாப்பிள்ளை சும்மா இருக்க மாட்டார். இவ்வளவு நாள் பணம் கட்டியிருக்கிறோம், எப்படி முடியாது என்பீர்கள் என்று நேரே அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய் நிற்பார். அதோடு, நன்றாக யோசித்துப் பாருங்கள், அந்த நிலையில் இருக்கிற ஒருத்திக்கு முடியாது என்று எப்படி எழுதுவது? கொஞ்சநஞ்சம் இருக்கிற நம்பிக்கையையும் பிடுங்கிக்கொள்வதா? எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் பதில் அனுப்பினேன்.

'அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. காயத்தின் தற்போதைய நிலை குறித்த மருத்துவச் சான்று ஒன்றை இணைத்தால் உதவியாக இருக்கும். தங்கள் மன உறுதி எங்களுக்கு வியப்பளிக்கிறது.'

கடைசி வரியைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நானாகச் சேர்த்தேன். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாளாம்.

சான்று வாங்க அவளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டாள் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். சான்று வந்து சேர்ந்தது, தெளிவாகவே இருந்தது. இணைப்பைத் திறந்த நான் பாதியில் மூடிவிட்டேன். படம் வைத்திருந்தார்கள். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. எல்லாச் செலவையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். வண்டி, ஆட்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு, எதிலும் கணக்குப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்படித்தான், அதை மாற்ற முடியாது. ஆனால் அந்த மாதம் நான் கொடுத்திருந்த கடனுக்குப் பிடிக்க வேண்டிய தவணையைப் பிடிக்காமல் விட்டேன்.

நான் மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். உங்கள் உதவியாளர் நேற்று இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். உண்மைதான். ஆனால் கோரிக்கை அப்படியே நின்றுகொண்டிருந்தது எனக்கு உறுத்தியது. எங்கள் அலுவலகத்தில் எதையும் பாதியில் விடும் பழக்கம் இல்லை. குட்டி அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த ஒன்று. காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, ஒரு காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதினேன். 'தங்கள் கோரிக்கை முழுமையாக ஏற்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' மேடத்துக்கு அவள் இறந்தது தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் குணமடைய வாழ்த்தும் சேர்த்தேன்.

மாப்பிள்ளை சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். இன்சூரன்ஸ்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு மனசு ஆறிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அந்த மெயிலை அச்செடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்கே போயிருக்கிறார். சண்டைக்குப் போகவில்லை. மேடத்தைப் பார்த்து, 'கடைசி வரைக்கும் உங்களைப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருந்தா' என்று சொல்லப் போயிருக்கிறார். அப்படி ஒரு மேடம் இல்லை என்றார்கள். அப்படி ஒரு பாலிசியும் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து மெயில் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்திருக்கிறார். அவர் செய்கிற வேலைக்கு அது பல் தேய்க்கிற மாதிரி. அத்தனை மாதத்தில் ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றவில்லை, நம்பினார்.

மகளோடு வந்தார். இந்த முறை உட்காரவில்லை, உதட்டைத் தடவிக்கொள்ளவும் இல்லை. மருமகள் அழுதுகொண்டிருந்தாள். தாய்மாமன் ஆயிற்றே என்று அவள் கையைப் பிடித்து, "அழாதேம்மா, மாமா இருக்கேன்" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு வெளியே போனாள். அறை முழுக்கக் கண்ணாடி என்பதால் எனக்கு எல்லாம் தெரிந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த என் ஆட்களைத் தாண்டி, டீ போடுகிற இடத்துக் குழாயைத் திறந்தாள். நான் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முழங்கை வரைக்கும். துடைத்துவிட்டு நின்றாள். மறுபடியும் சோப்பை எடுத்தாள்.

எனக்கு அது மிகவும் அவமானமாக இருந்தது. நான் சுத்தமாக இருக்கிற ஆள்.

மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எவ்வளவு எடுத்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே மச்சான்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் டிஷ்யூவை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பிடித்தம் செய்தது நான். பாலிசி எடுக்காதது நான். மேடமாக எழுதியது நான். ஆபரேஷனைத் தள்ளிப்போட வைத்ததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் குட்டி பிறந்ததிலிருந்து என்னிடம் எதைக் கேட்டாலும், நான் ஒருநாளும் அவளிடம் இல்லை என்று சொன்னதில்லை.